எஃப்டி ஆர்எக்ஸ்-7 உடலில் எல்எஸ்3 இன்ஜின்: 100 கி.மீ. வேகத்தில் காதை அடைக்கும் இரைச்சலை எப்படி அடக்குவது?

கேள்வி, பிப்ரவரி 2

மாஸ்டா ஆர்எக்ஸ்-7, மூன்றாம் தலைமுறை (எஃப்டி). ரோட்டரி இன்ஜினை இறக்கிவிட்டு எல்எஸ்3 வி8, பழைய டி56 ஆறு கியர் பெட்டி. டிஃபரன்ஷியல் விகிதம் 4.10. டயர் 225/50 ஆர்16. இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கும் தனித்தனி 63 மி.மீ. சைலன்சர் குழாய், பின்னால் வரை சேரவே சேராது. ஆறாவது கியரில் 100 கி.மீ. வேகத்தில் நிலையாகப் போனால் உள்ளே 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல், பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேச முடியாது. தரை முழுக்க அதிர்வை அடக்கும் பியூட்டைல் ரப்பர் பாய் ஒட்டி 18 கிலோ ஏற்றியாயிற்று. பெரிதாக ஒன்றும் மாறவில்லை. இன்னொரு அடுக்கு ஒட்டுவதா, சைலன்சரை மாற்றுவதா?

பிப்ரவரி 2, இரவு

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் அந்த இரைச்சல் எத்தனை ஹெர்ட்ஸ் என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் எதை வாங்கி மாட்டினாலும் பணமும் எடையும்தான் கூடும்.

உங்கள் டயரின் விட்டம் 631 மி.மீ., சுற்றளவு 1.98 மீட்டர். 100 கி.மீ. என்பது நொடிக்கு 27.8 மீட்டர், ஆக சக்கரம் நொடிக்கு 14 சுற்று. அதை 4.10-ஆல் பெருக்கினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குப் போகும் தண்டு) நொடிக்கு 57.4 சுற்று. டி56-இன் ஆறாவது கியர் 0.50, எனவே இன்ஜின் நொடிக்கு 28.7 சுற்று, அதாவது 1,720 ஆர்பிஎம். வி8 ஒரு சுற்றுக்கு நான்கு முறை வெடிக்கும். 28.7 × 4 = 115 ஹெர்ட்ஸ். எடை ஏறிய டயர் கொஞ்சம் சப்பையாகும் என்பதால் உண்மையில் இரண்டு மூன்று ஹெர்ட்ஸ் கூட இருக்கலாம்.

இங்கேதான் பலர் தடம் மாறுகிறார்கள். கோணம் சரியில்லாத யூஜே கிராஸ் (ஷாஃப்ட் முனையில் உள்ள மூட்டு), ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும்போது இரண்டு முறை அதிர்வைக் கொடுக்கும். 57.4 × 2 = 115. வெடிப்பும் 115, ஷாஃப்ட் அதிர்வும் 115. ஆறாவது கியர் விகிதம் சரியாக 0.50 என்பதால் எந்த வேகத்தில் போனாலும் இவை இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகவே உட்கார்ந்திருக்கும். காதாலும் பிரிக்க முடியாது, ஆறாவது கியரில் எடுத்த அளவீட்டாலும் பிரிக்க முடியாது.

பிரிக்க வழி கியரை மாற்றுவதுதான். அதே 100 கி.மீ. வேகத்தை நான்காவது கியரில் பிடியுங்கள். இன்ஜின் 3,440 ஆர்பிஎம், வெடிப்பு 230 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். ஷாஃப்ட் அதே 115-இல் நிற்கும். ஐந்தாவது கியரில் (0.74) வெடிப்பு 170. பிறகு அதே வேகத்தில் கிளட்சை மிதித்து நியூட்ரலில் உருளவிடுங்கள். ஒவ்வொரு நிலையிலும் 115-இல் என்ன மிச்சம் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

போனில் அதிர்வெண் வாரியாகச் சத்தத்தைக் காட்டும் செயலி ஏதாவது ஒன்று போதும். 'ஏ' எடையிடலை (காதின் உணர்வுக்கு ஏற்பச் செய்யும் திருத்தம்) மட்டும் அணைத்துவிடுங்கள். அது 125 ஹெர்ட்ஸில் 16 டெசிபெல்லையும் 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபெல்லையும் கழித்துக் காட்டும்; உங்கள் எதிரியை மறைத்துவிடும்.

பிப்ரவரி 3

அளவீடு பற்றி ஒரு சேர்க்கை. போனை டேஷ்போர்டில் வைக்காதீர்கள், அதுவே ஆடும். ஓட்டுநர் தலைச் சாய்வின் பக்கத்தில், காது உயரத்தில், துணி சுற்றிப் பிடிக்க வேண்டும். கண்ணாடி ஏற்றி, காற்றாடி அணைத்து. அதே அளவை பின்கதவுக்குக் கீழேயும் ஒரு முறை எடுங்கள். ஹேட்ச்பேக் உட்புறம் 2.3 மீட்டர் நீளம் என்றால் அந்தக் காற்றுத் தூண் 75 ஹெர்ட்ஸ் அருகே தானாகவே முழங்கும். முனைகளில் சத்தம் அதிகம், நடுவில் குறைவு. பின்னால் பலமாகவும் இருக்கைக்குப் பக்கத்தில் மெலிதாகவும் ஓர் அதிர்வெண் தெரிந்தால் அது அறையின் முழக்கம்.

கேள்வி கேட்டவர், பிப்ரவரி 6

எடுத்துப் பார்த்தேன். ஆறாவதில் 116-இல் பெரிய முகடு, 72-இல் ஒன்று, 43-இல் சின்னதாக ஒன்று. நான்காவதில் 116 நன்றாகக் குறைகிறது, ஆனால் போகவில்லை. நியூட்ரலில் உருளும்போதும் அதே சின்ன 116 இருக்கிறது. 57-இல் ஒன்றுமே இல்லை.

பிப்ரவரி 6, இரவு

அருமையான அளவீடு. மூன்று தனித்தனி விஷயங்கள் தெரிகின்றன.

116-இன் பெரும்பகுதி இன்ஜின் பக்கம். மிச்சம் இருக்கும் சின்ன 116 ஷாஃப்ட் பக்கம். 57-இல் ஒன்றும் இல்லை என்பதால் ஷாஃப்ட்டின் சமநிலை நன்றாக இருக்கிறது; கோணம்தான் கோளாறு. ஷாஃப்டைக் கழற்றி மறுபடி பேலன்ஸ் செய்யக் கொடுக்க வேண்டாம்.

72-உம் 43-உம் சேராத இரட்டைக் குழாயின் வேலை. எல்எஸ் வெடிப்பு வரிசை 1-8-7-2-6-5-4-3. ஒற்றைப்படை எண்கள் இடது வரிசை, இரட்டைப்படை வலது. எழுதிப் பாருங்கள்: இடது, வலது, இடது, வலது, வலது, இடது, வலது, இடது. மொத்தமாக 90 டிகிரிக்கு ஒரு வெடிப்பு என்று சீராக இருந்தாலும், ஒரு வரிசையை மட்டும் எடுத்தால் இடைவெளி 180, 270, 180, 90 என்று தடுமாறும். அந்தத் தடுமாற்றம் சுற்றுக்கு ஒன்றரை முறை, இரண்டரை முறை என்ற அதிர்வெண்களாக வெளியே வரும். 28.7-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 43, இரண்டரையால் பெருக்கினால் 72. உங்கள் எண்களேதான். 72 போய் அறையின் 75-க்குப் பக்கத்தில் விழுகிறது. அதனால்தான் 43-ஐ விடப் பெரிதாகக் கேட்கிறது.

இரண்டு வரிசையும் நன்றாகக் கலந்தால் இந்த இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எக்ஸ் வடிவ இணைப்பு, அல்லது இரண்டும் ஒன்றாகி ஒரே 76 மி.மீ. குழாய். எஃப்டியின் அடியில் இடம் குறைவு, பின்னால் பெரிய மஃப்ளருக்கு (சத்தத்தை அடக்கும் பெட்டி) ஒரு பக்கம்தான் வாகானது. ஒரே குழாயாக்குவதுதான் என் தேர்வு. மேல் ஆர்பிஎம்மில் கொஞ்சம் குதிரைத்திறன் போகும். அமைதியான வண்டி வேண்டுமென்றால் அந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும்.

பிப்ரவரி 7

குழாயை வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை. வண்டியை உயர்த்தி, சைலன்சர் குழாய் உடலைத் தொடக்கூடிய எல்லா இடத்திலும் மெழுகுக் களிமண் உருண்டை ஒட்டுங்கள்: டனல் (கியர்பாக்ஸும் ஷாஃப்டும் போகும் தரை மேடு) ஓரம், குறுக்குச் சட்டம், பின் சப்ஃபிரேம், பம்பர் வாய். நன்றாகச் சூடாகும் வரை ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். உருண்டை நசுங்கிய இடமெல்லாம் உலோகம் உலோகத்தோடு பேசுகிறது.

குளிர்ந்த வண்டியில் இடைவெளி பார்த்துவிட்டு 'தொடவில்லை' என்று சொல்வதில் அர்த்தமில்லை. 304 ஸ்டெயின்லெஸ் 2 மீட்டர் குழாய் 300 டிகிரி சூடேறினால் 10 மி.மீ. நீளும். அதற்கு மேல் இன்ஜின் முறுக்கத்தில் ஆடும் ஆட்டம். சூட்டில் 12 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும்.

பெல்லோஸ் (வளைந்து கொடுக்கும் மடிப்புக் குழாய்) இருக்கிறதா? அது இல்லாமல் மேனிஃபோல்டிலிருந்து (இன்ஜினோடு சேரும் முதல் குழாய்த் தொகுதி) பின்முனை வரை ஒரே விறைப்பான கம்பியாக இருந்தால், இன்ஜின் மவுண்ட் எவ்வளவு மென்மையாக இருந்தும் பயனில்லை. அதிர்வு குழாய் வழியாகச் சுற்றிக்கொண்டு ஹேங்கர் வழியே உடலுக்குள் ஏறிவிடும். பெல்லோஸுக்கு முன்னால் உள்ள பகுதியை கியர்பாக்ஸோடு பிணையுங்கள், பின்னால் உள்ளதை மட்டும் ரப்பரில் தொங்கவிடுங்கள். பெல்லோஸுக்கு இருபுறமும் உடலில் ஹேங்கர் போட்டு முன்பகுதியையும் உடலோடு கட்டினால் பெல்லோஸ் சீக்கிரம் கிழியும்.

ஹேங்கர் கம்பி வெல்ட் செய்யும் இடமும் முக்கியம். பூட் தரையின் நடுத் தகட்டில் வெல்ட் செய்தால் அந்தத் தகடே ஸ்பீக்கர். மடிப்பு, மூலை, பெட்டிச் சட்டம் என்று விறைப்பான இடமாகத் தேட வேண்டும்.

கேள்வி கேட்டவர், பிப்ரவரி 9

இரண்டு இடத்தில் களிமண் நசுங்கியிருந்தது, சரி செய்தாயிற்று. ஒரே 76 மி.மீ. குழாயாக மாற்றுகிறேன். 115-ஐ அடக்க, முனை மூடிய ஜே வடிவக் கிளைக்குழாய் போடலாம் என்று படித்தேன். 343-ஐ 4 × 115-ஆல் வகுத்தால் 75 செ.மீ. வருகிறது. இந்த அளவில் வெட்டிவிடலாமா?

பிப்ரவரி 9, இரவு

வெட்டாதீர்கள்! 343 என்பது 20 டிகிரி காற்றில் ஒலியின் வேகம். சைலன்சருக்குள் 20 டிகிரி எங்கே இருக்கிறது?

கெல்வினில் வெப்பநிலையின் வர்க்கமூலத்தை 20.05-ஆல் பெருக்கினால் வேகம். ஓடும் வாயு 300 டிகிரியில் இருந்தால் 480 மீ. மூடிய கிளைக்குள் வாயு ஓட்டம் இல்லை, அதனால் அது ஆறியிருக்கும். சராசரி 150 டிகிரி என்று எடுத்தால் 412 மீ., நீளம் 90 செ.மீ. 100 டிகிரி என்றால் 84, 200 டிகிரி என்றால் 95. நீங்கள் சொன்ன 75 செ.மீ. குழாயை இந்தச் சூட்டில் வைத்தால் அது 137 ஹெர்ட்ஸைத்தான் பிடிக்கும். 115 அப்படியே நிற்கும். இந்தக் கிளைக்குழாய் 'வேலை செய்யாது' என்று சொல்பவர்களில் பாதிப்பேர் இந்தக் கணக்கில் விழுந்தவர்கள் என்பது என் எண்ணம்.

எனவே நீளத்தை மாற்றும்படி செய்யுங்கள். 76 மி.மீ. கிளை, முனையில் ஒன்றுக்குள் ஒன்று நழுவும் மூடி, கிளாம்ப் போட்டு இறுக்குவது போல. 82 முதல் 98 செ.மீ. வரை நகர இடம் விடுங்கள். முழுச் சூட்டில், ஆறாவது கியரில், 15 மி.மீ. நகர்த்தி நகர்த்தி அளந்து, 115 அதிகமாக விழும் இடத்தில் வெல்ட் செய்யுங்கள். கிளையின் விட்டத்தைக் குறைக்காதீர்கள். ஒல்லியான கிளை மிகக் குறுகிய அதிர்வெண்ணைத்தான் பிடிக்கும், வேகம் 5 கி.மீ. மாறினாலே கைவிட்டுவிடும்.

எங்கே பொருத்துவது என்பதில்தான் பெரும்பாலும் வீணாகிறது. குழாயின் திறந்த முனையில் அழுத்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய பூஜ்யம். அங்கே கிளை வைத்தால் அதற்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. திறந்த முனையிலிருந்து கால் அலைநீளம் முன்னால், அதாவது ஒரு மீட்டர் சுற்றில், அழுத்தம் உச்சம். அங்கே வைக்க வேண்டும். கிளையைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டால் நீர் தேங்கும், துருவேறும், நீளமும் மாறும். படுக்கையாகவோ மேல்நோக்கியோ போகட்டும். முடியாவிட்டால் தாழ்ந்த இடத்தில் 3 மி.மீ. ஓட்டை.

90 செ.மீ.க்கு இடமே இல்லையென்றால் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெட்டி (கழுத்துள்ள மூடிய டப்பா, ஒரே அதிர்வெண்ணைப் பிடிக்கும்). அதே 412 மீ. வேகத்துக்கு, 50 மி.மீ. விட்டம், 10 செ.மீ. கழுத்து (முனைத் திருத்தம் சேர்த்து 13 என்று கொள்ளுங்கள்) என்றால் பெட்டியின் கொள்ளளவு 5 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. பின் பம்பருக்குள் 5 லிட்டர் டப்பா அடங்கும். கழுத்தின் நீளத்தை மாற்றினால் சுருதி நகரும்.

பிப்ரவரி 10

நேற்று எழுதியது 115-க்கு மட்டும். மஃப்ளருக்குப் பின்னால் வரும் வால்குழாயையும் அளந்துவிடுங்கள். இருபுறமும் திறந்த 2 மீட்டர் குழாய், 450 மீ. வேகத்தில், 112 ஹெர்ட்ஸுக்குத் தானே முழங்கும். மஃப்ளரை எவ்வளவு நல்லதாக வாங்கினாலும் அதன் பின்னால் இந்த ஊதுகுழலை மாட்டினால் கதை முடிந்தது. மஃப்ளரைப் பின்னால் தள்ளி வால்குழாயை 50 செ.மீ.க்குள் அடக்கினால் அந்த முழக்கம் 400-க்கு மேலே போய்விடும். அதை நார்த் திணிப்பே தின்றுவிடும்.

நேர்வழி மஃப்ளரில் ஓட்டைக் குழாயைச் சுற்றி இருக்கும் கண்ணாடி நாரோ பசால்ட் நாரோ 300 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் நன்றாக வேலை செய்யும். 115-க்கு அது ஏறக்குறைய வெறும் குழாய். தாழ்ந்த ஒலிக்கு வேண்டியது கொள்ளளவும் உள்ளே தடுப்பறைகளும். 6.2 லிட்டர் இன்ஜினுக்கு நடுவில் ஒரு நேர்வழி ரெசனேட்டர், கடைசியில் பெரிய அறைவகை மஃப்ளர், இந்த ஜோடி சரி. இரண்டும் நேர்வழியாக வைத்தால் சீறல் போகும், முழக்கம் நிற்கும்.

மேனிஃபோல்ட் பற்றியும் இங்கேயே. 1.6 மி.மீ. தகட்டுக் குழாய் ஹெடரை விட வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் தெளிவாக அமைதியானது. டிக்-டிக் சத்தம் குளிரில் வந்து சூட்டில் மறைந்தால் கேஸ்கட் கசிவைச் சந்தேகியுங்கள். எல்எஸ்ஸில் கடைசி போல்ட் தலை முறிவது பழக்கமான நோய். இறுக்கம் முதல் சுற்று 15 நியூட்டன் மீட்டர், இரண்டாம் சுற்று 25, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக.

பிப்ரவரி 13

ஐட்லிங் நடுக்கம் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். எல்லோருக்கும் பொருந்தும் என்பதால் இங்கேயே.

மவுண்ட் அதிர்வைத் தடுக்க வேண்டுமென்றால் அதன் இயல் அதிர்வெண், வரும் அதிர்வைவிட நன்றாகக் கீழே இருக்க வேண்டும். 700 ஆர்பிஎம் ஐட்லிங்கில் வி8 வெடிப்பு 47 ஹெர்ட்ஸ். மவுண்ட் 33-க்கு மேல் இருந்தால் தடுப்பதற்குப் பதில் கூட்டிக் கொடுக்கும். 15 அருகே இருந்தால் எட்டில் ஒரு பங்குதான் உடலுக்குப் போகும். இன்ஜின் மாற்றும் தொகுப்புகளில் வரும் 85, 95 ஷோர் ஏ (கடினத்தன்மை அளவு) பாலியூரித்தேன் மவுண்ட்களுக்கு இந்தக் கணக்கு எட்டாது. 50 முதல் 60 ஷோர் ரப்பர், அல்லது தொழிற்சாலை எண்ணெய் மவுண்ட். வி8 குறுக்குத் தள கிராங்கில் மேல்கீழ் ஆட்டம் சமன்பட்டிருக்கும். மிஞ்சுவது உருள் அசைவு. அதனால் மவுண்ட்களைத் தூரமாக வைப்பதைவிட, உருளும்போது மென்மையாக இருக்கும் கோணத்தில் வைப்பது பலன் தரும்.

ஒன்று மட்டும் எந்த மவுண்ட்டாலும் ஆகாது. ஓவர்லாப் (உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) அதிகமான கேம் போட்டால் ஐட்லிங்கில் ஒரு சிலிண்டர் எரிந்தும் எரியாமலும் தடுமாறும். அது அரைச் சுற்று அதிர்வு, 700-இல் 6 ஹெர்ட்ஸ். மவுண்ட்டின் இயல் அதிர்வெண்ணுக்கே கீழே. உடல் முழுக்க ஆடத்தான் செய்யும். எல்எஸ்3-இன் தொழிற்சாலை கேம் 0.050 அங்குல உயர்வில் 204/211 டிகிரி, லோப் இடைவெளி 117. அமைதி வேண்டும் என்பவர் அதைத் தொடக்கூடாது.

பிப்ரவரி 14

மென்மையான மவுண்ட் போட்டவர்கள் உருளல் கட்டுப்பாட்டை மறக்க வேண்டாம். ஆனால் இறுக்கமான முறுக்குக் கம்பி போட்டால் நேற்று சொன்னதெல்லாம் வீண். முதல் 8, 10 மி.மீ. சும்மா நகரவிட்டு, அதன் பிறகு ரப்பர் தலையில் முட்டி நிற்கும் தடைதான் சரி.

கேள்வி கேட்டவர், பிப்ரவரி 16

ஷாஃப்ட் கோணம் அளந்தேன். கியர்பாக்ஸ் அச்சு பின்னோக்கி 4.0 டிகிரி சரிவு. பினியன் (டிஃபரன்ஷியலின் முன் பல்சக்கரம்) அச்சு 2.2. டிஃபரன்ஷியல் மவுண்ட் முழுக்க அலுமினியம், ரப்பரே கிடையாது. 60-க்கு மேல் ஒரு மெல்லிய ஊளையும் வருகிறது.

பிப்ரவரி 17

இரண்டு அச்சுகளும் இணையாக இருந்தால்தான் முன் கிராஸின் துடிப்பைப் பின் கிராஸ் அழிக்கும். உங்களுடையதில் 1.8 டிகிரி வித்தியாசம். நியூட்ரலில் வந்த 116 இதுதான். மேலிருந்து பார்த்தும் இணையா என்று அளக்க வேண்டும். ஸ்டீயரிங் கம்பிக்கு இடம் விட இன்ஜினைக் கொஞ்சம் சாய்த்து வைத்திருப்பார்கள். வெறுமனே பக்கவாட்டில் நகர்த்தியிருந்தால் பரவாயில்லை, திருப்பியிருந்தால் சிக்கல். செங்குத்தில் 2, கிடையில் 1.5 என்றால் கிராஸ் பார்க்கும் கோணம் 2.5, கூட்டல் அல்ல, வர்க்கங்களின் கூட்டலுக்கு மூலம்.

எஃப்டியில் பின் டிஃபரன்ஷியல் உடலோடு நிற்பது, சஸ்பென்ஷன் ஏறி இறங்கினாலும் கோணம் மாறாது. அதனால் லிஃப்டில் வைத்தே சரிசெய்யலாம். இன்ஜின் மவுண்ட்டுக்கும் கியர்பாக்ஸ் வாலுக்கும் ஒரு மீட்டர் இருந்தால் ஒரு டிகிரிக்கு 17 மி.மீ. தகடு. வாலை உயர்த்தினால் ஷாஃப்ட்டின் சரிவும் மாறும், ஒவ்வொரு முறையும் மூன்றையும் திரும்ப அளக்க வேண்டும். முடிவில் அச்சுகளின் வித்தியாசம் அரை டிகிரிக்குள், ஒவ்வொரு கிராஸின் கோணமும் அரை டிகிரிக்கு மேல், 3-க்குக் கீழ். பூஜ்யம் ஆக்கிவிடாதீர்கள், ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் குழி விழும்.

ஊளை: பினியனில் 10 பல், அது சுழற்றும் கிரவுன் சக்கரத்தில் 41 என்றால் 100 கி.மீ. வேகத்தில் பல் சேரும் அதிர்வெண் 574 ஹெர்ட்ஸ். வேகத்தோடு நேர்விகிதத்தில் ஏறினால் அதுவேதான். பல்லில் குறையில்லாத டிஃபரன்ஷியலும் கொஞ்சம் ஊளையிடும். ரப்பர் அதை விழுங்கிவிடும் என்பதால் காதுக்கு வருவதில்லை. அலுமினியம் அப்படியே கொண்டுவந்து சேர்க்கிறது.

ஏன் அலுமினியம் போடுகிறார்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. எஃப்டியில் கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீளச் சட்டம் ஒன்று உண்டு. டிஃபரன்ஷியலின் மூக்கு தூக்குவதை அது தாங்கும். டி56 வந்ததும் அது போய்விடுகிறது. இன்ஜினின் முறுக்கம் 575 நியூட்டன் மீட்டரை முதல் கியரின் 2.66-ஆலும் டிஃபரன்ஷியலின் 4.10-ஆலும் பெருக்குங்கள்: 6,270. அதை 40 செ.மீ. இடைவெளி உள்ள மவுண்ட்கள் தாங்கினால் 15.7 கிலோநியூட்டன். ரப்பர் கிழியும். அந்த இடைவெளியை 80 செ.மீ. ஆக்குங்கள், விசை பாதி. மூக்கிலிருந்து முன்னோக்கி நீளக் கை, அதன் முனையில் பெரிய ரப்பர் புஷ். வலுவுக்காக மவுண்ட்டை விறைப்பாக்குவது சுலபமான வழி, கையை நீட்டுவது சரியான வழி. இந்த வண்டியில் ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

வேறொருவர், பிப்ரவரி 19

மாஸ்டா எம்எக்ஸ்-5-இல் ஹோண்டா கே24 நான்கு சிலிண்டர் இன்ஜின் போட்டிருக்கிறது. 3,500-க்கு மேல் கண்ணாடியே ஆடுகிறது. இதற்கும் இந்தக் கணக்குகள் பொருந்துமா?

பிப்ரவரி 19

பொருந்தும், ஆனால் எதிரி வேறு. நான்கு சிலிண்டர் நேர்வரிசையில் சுற்றுக்கு இரண்டு முறை மேல்கீழ் உலுக்கல் இருக்கும், ஆர்பிஎம்மின் வர்க்கத்தோடு ஏறும். பெரிய கே24-களில் அதற்காகவே பேலன்ஸ் ஷாஃப்ட் உண்டு. உயர் ஆர்பிஎம்முக்காக கே20-இன் ஆயில் பம்ப் மாற்றும்போது அது கழன்றுவிடும். உங்களுடையதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எடுத்துவிட்டிருந்தால் ரப்பர் மவுண்ட் மட்டுமே வழி, பாலியூரித்தேன் மறந்துவிடுங்கள்.

பிப்ரவரி 20

இப்போது காற்று வழிச் சத்தம். ஃபயர்வால், அதாவது இன்ஜின் அறைக்கும் உட்புறத்துக்கும் நடுவில் உள்ள சுவர்.

சுவரின் பரப்பில் 1 சதவீதம் ஓட்டை இருந்தால், சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபெல்லுக்கு மேல் தடுக்காது. 0.1 சதவீதம் என்றால் 30. ஃபயர்வால் 0.8 சதுர மீட்டர் என்று வைத்தால், 10 செ.மீ. விட்ட ஓட்டை ஒன்றே அந்த 1 சதவீதம். 32 மி.மீ. ஓட்டை 0.1. இன்ஜின் மாற்றிய வண்டியில் பழைய வயர் கட்டு போன துளை, ஹீட்டர் குழாய்த் துளை, கிளட்ச் சிலிண்டர் ஓரம், ஸ்டீயரிங் கம்பியின் பூட், எல்லாம் சேர்ந்தால் இந்த எல்லையை எளிதாகத் தாண்டும். இதற்கு மேல் 18 கிலோ பாய் ஒட்டினால் என்ன பயன்?

இரவில் இன்ஜின் அறைக்குள் பலமான விளக்கு வைத்து, உள்ளே பெடல் பக்கம் படுத்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் ஓட்டை. வெளிச்சம் வளைந்து வராத இடங்களுக்குக் காற்றாடியை முழு வேகத்தில் வெளிக்காற்றுக்கு வைத்து, கண்ணாடி ஏற்றி, இன்ஜின் பக்கம் புகை காட்டினால் அசைவு தெரியும். பெரிய துளைக்கு 1 மி.மீ. இரும்புத் தகடு, ரிவெட், சீலன்ட். வயர் துளைக்கு ரப்பர் குரோமெட். பஞ்சு திணிப்பது அடைப்பு ஆகாது.

கியர் கம்பியின் வாய்க்கு இரண்டு ரப்பர் பூட் வேண்டும், ஒன்று உடல் தகட்டில், இன்னொன்று மேலே. டி56-இன் தொழிற்சாலைக் கியர் கம்பியில் ரப்பர் இடைச்செருகல் உண்டு. குட்டைக் கம்பி மாற்றும்போது அது போய், கியர்பாக்ஸின் ஒவ்வொரு பல்லும் கைக்கு வரும்.

பிப்ரவரி 23

மிச்சமுள்ள சின்னச் சத்தங்கள். முழக்கம் அடங்கிய பிறகுதான் இவை கேட்கும், அதனால் கடைசியில் வைத்தேன்.

நியூட்ரலில் கட கட, கிளட்ச் மிதித்தால் நிற்கிறது: கியர் பல்லாட்டம். இலகு ஃப்ளைவீலும் ஸ்பிரிங் இல்லாத கிளட்ச் பிளேட்டும் சேர்ந்தால் நிச்சயம் வரும். ஸ்பிரிங் உள்ள பிளேட், கனமான ஃப்ளைவீல். டி56-க்குச் சொல்லப்பட்டது டெக்ஸ்ரான் III ஏடிஎஃப். சத்தத்துக்காகக் கெட்டியான கியர் ஆயில் ஊற்றினால் குளிரில் கியர் விழாது, சிங்க்ரோ போகும்.

வெளியே மாட்டிய பெட்ரோல் பம்பின் ரீங்காரத்தைப் பின் சீட் முழுக்கக் கேட்கலாம். டாங்கிக்குள் மாற்றுங்கள். முடியாவிட்டால் ரப்பர் தொட்டில், இருபுறமும் கொஞ்சம் ரப்பர் ஹோஸ். பவர் ஸ்டீயரிங்குக்கு உலோகப் பின்னல் ஹோஸ் போட்டால் பம்பின் துடிப்பு அப்படியே ரேக்குக்குப் போகும். தொழிற்சாலை ரப்பர் ஹோஸ் வீங்கிச் சுருங்கித் துடிப்பைத் தின்னும். திறந்த கூம்பு ஏர் ஃபில்டருக்குப் பதில் மூடிய பெட்டி, முன்னோக்கி நீளக் குழாய்.

ஹெட் சீவியிருந்தால் புஷ்ராட் (லிஃப்டரிலிருந்து ராக்கரைத் தள்ளும் கம்பி) நீளத்தை அளக்காமல் விடாதீர்கள். எல்எஸ்3-இல் 7.400 அங்குலம்தான் ஆரம்பம். சரிசெய்யும் ராக்கர் இல்லாததால் லிஃப்டர் அழுத்தம் முழுக்க இந்த நீளத்தை நம்பி இருக்கிறது.

கேள்வி கேட்டவர், மார்ச் 8

ஒரே குழாய், ஜே கிளை 88 செ.மீ.யில் நின்றது. 43, 72 இரண்டும் தேடினாலும் கிடைக்கவில்லை. கியர்பாக்ஸ் வாலுக்குத் தகடு வைத்ததும் நியூட்ரல் 116 போயிற்று. டிஃபரன்ஷியல் கை இன்னும் வேலையில் இருக்கிறது. அந்த 18 கிலோ பாயை என்ன செய்வது?

மார்ச் 8, இரவு

பாதிக்கு மேல் உரிக்கலாம். பியூட்டைல் பாய் ஒலியைத் தடுக்கும் சுவர் அல்ல, தகடு ஆடுவதை அடக்கும் பொருள். ஒரு தகட்டின் நடுவில் 25, 30 சதவீதம் ஒட்டினாலே பெரும்பலன் வந்துவிடும். விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள்: 'டங்' என்றால் வேண்டும், 'தட்' என்றால் போதும். மடிப்பும் வளைவும் உள்ள இடத்தில் ஒட்டியதெல்லாம் சும்மா எடை.

உரித்த எடையில் பாதியைத் தடுப்புக்குக் கொடுங்கள்: ஃபயர்வாலுக்கும் டனலுக்கும் மட்டும் சதுர மீட்டருக்கு 5 கிலோ வினைல் திரை, அதற்கும் இரும்புக்கும் நடுவில் 10 மி.மீ. ஸ்பாஞ்ச். 0.8 மி.மீ. தகடே சதுர மீட்டருக்கு 6.3 கிலோ, ஸ்பாஞ்ச் இல்லாமல் நேரே ஒட்டினால் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகி 5, 6 டெசிபெல்தான் கிடைக்கும். நடுவில் ஸ்பாஞ்ச் இருந்தால் நடுத்தர, மேல் அதிர்வெண்களில் அதைவிட நன்றாக வரும். திரையைப் போல்ட் போட்டு இறுக்காதீர்கள், தொங்கட்டும்.

டனலுக்குள் தார் கலந்த பாய் எதுவும் வேண்டாம், சூட்டில் உருகி நாறும். வெளிப்பக்கம் அலுமினியக் கவசம், 12 மி.மீ. காற்று இடைவெளி விட்டு. கவசத்தின் ஓரங்களை மடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் 2,000 ஆர்பிஎம்மில் அது ஒரு புதுச் சத்தம் ஆரம்பிக்கும். டிஃபரன்ஷியல் கை முடிந்ததும் அதே மூன்று கியரிலும் மறுபடி அளந்து 574 எவ்வளவு இறங்கியது என்று இங்கே எழுதுங்கள்.